புதுக் கணினி மலையேறி வந்த பிறகு: அறிகுறி பார்த்துக் கோளாறு தேடும் வழி

கொழும்பில் கடைக்காரர் கண்முன்னே போட்டுக் காட்டியபோது பளிச்சென்று எரிந்த மேசைக் கணினி, வீட்டுக்கு வந்ததும் கண் திறக்க மறுக்கிறது. எங்கள் பக்கத்தில் இந்தக் கதையை நான் பல தடவை கேட்டுவிட்டேன். பெட்டியை மறுபடி கட்டி, விடியற்காலை பஸ்ஸில் ஏற்றிக் கடைக்கே கொண்டுபோய்விடலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுகிறது. ஒரு நாள் சம்பளம் போகும், போகவர பஸ் காசு போகும், கடையில் போட்டுப் பார்த்தால் அது ஒழுங்காக வேலை செய்து மானமும் போகும்.

நான் பார்த்த அளவில், மலையகத்தில் புதுக் கணினி படுத்தும் பாட்டில் பாதிக்கு மேல் கணினியில் பிறந்தது அல்ல. அவிசாவளை தாண்டி கித்துல்கல, கினிகத்தேனை என்று ஏறிவரும் பாதையின் வளைவுகள் கொடுத்தவை சில. வீட்டு மின்சாரம் கொடுப்பவை சில. மீதி, ஈரமும் புகையும் கொடுப்பவை. கடையில் இந்த மூன்றும் இல்லை. அதனால்தான் அங்கே அது நல்ல பிள்ளையாக இருக்கிறது. எனவே பஸ் ஏறுவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் கணினி எந்தத் தலைப்பில் முரண்டு பிடிக்கிறதோ அங்கே நேராகப் போகலாம்.

சுவிட்சைப் போடுவதற்கு முன்

கொழும்பின் 30 பாகை வெப்பத்தில், ஈரக் காற்றோடு பொலித்தீன் உறைக்குள் கட்டப்பட்ட பெட்டி அது. இரவு நுவரெலியாவுக்கு வந்து சேரும்போது வெளியே 12 பாகை. உறைக்குள் அகப்பட்ட கொழும்புக் காற்று குளிர்ந்து உள்ளே வேர்த்துப்போகும். சோற்றுப்பானை மூடியின் அடியில் நீர் கோப்பதைப் போல. வந்த இரவே போட்டுப் பார்க்கும் ஆசையைப் பிள்ளைகளிடம் சொல்லி அடக்குங்கள். உறைகளை எல்லாம் பிரித்து, பெட்டியை அறையில் திறந்தாற்போல் வைத்து, காலை வரை விடுங்கள். அடுப்பங்கரையில் வைத்துக் காயவைக்கிறேன் என்று கிளம்பவேண்டாம். குளிர்ந்த உலோகத்தில் சமையல் ஆவி பட்டால் இன்னும்தான் நனையும்.

இன்னொன்று, பக்க மூடியின் திருகாணி மேல் கடையின் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்தால் வொரண்டி போய்விடும் என்று சொல்லும் கடைகள் உண்டு. கீழே நான் “திறந்து பாருங்கள்” என்று சொல்லும் இடங்களில், முதலில் கடைக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, திறப்பதற்குச் சம்மதம் என்ற பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது மூன்று மாதத்தில் மறந்துபோகும்.

உயிரே இல்லை: விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை

கணினியை விட்டுவிட்டு முதலில் பிளக் பொயின்ட்டைப் பாருங்கள். அதே பொயின்ட்டில் ஒரு மேசை விளக்கையோ கைபேசி சார்ஜரையோ செருகிப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். யூ.பி.எஸ். (கரண்ட் போனால் சற்று நேரம் தாங்கும் பட்டரிப் பெட்டி) வழியாகக் கொடுத்திருந்தால் அதன் முன்சுவிட்சைத் தனியே அழுத்திப் பிடிக்க வேண்டும். சுவரில் செருகினால் மட்டும் அது உயிர்க்காது.

அடுத்து கேசிங்கின், அதாவது கணினிப் பெட்டியின், பின்பக்கம். மின்கம்பி நுழையும் இடத்திற்குப் பக்கத்தில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும்: ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் வட்டம். கோடு இருக்கும் பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். பொதி கட்டும்போது கை பட்டு மாறிவிடும். அதே இடத்தில் 115, 230 என்று எழுதிய சிவப்பு நகர்த்தி உங்கள் பெட்டியிலும் இருந்தால், 230 தெரிகிறதா என்று சுவிட்ச் போடுவதற்கு முன்பே பாருங்கள். 115இல் இருக்கும்போது நமது மின்சாரத்தைக் கொடுத்தால் ஒரு வெடிச் சத்தம், கருகிய வாடை, அத்தோடு பவர் சப்ளை, அதாவது சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றும் பகுதி, முடிந்தது. மலிவான பெட்டிகளிலும் பழையவற்றிலும்தான் இந்த நகர்த்தி இன்னும் இருக்கிறது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் அசைவில்லை என்றால், முன்பக்கப் பொத்தானிலிருந்து, எல்லாப் பாகங்களும் செருகும் பெரிய பலகையான மதர்போர்ட்டுக்குப் போகும் மெல்லிய வயர் கழன்றிருக்கலாம். தீக்குச்சி மருந்தின் அளவே உள்ள ஒரு சிறு முனை அது; உலுக்கலில் கழன்றுவிடும். மதர்போர்ட்டின் கீழ்மூலையில், பவர் என்ற பொருளில் சுருக்கமாக எழுதியிருக்கும் இரண்டு ஊசிகளில் அதைத் திரும்பச் செருகினால் போதும். எந்தப் பக்கம் என்று கவலைப்பட வேண்டாம், இந்தப் பொத்தானுக்கு நேர், எதிர் கிடையாது.

விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு

அதிகம் வருவது இதுதான்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: மொனிட்டர் கேபிளை எங்கே செருகினீர்கள்? பின்பக்கத்தில் இரண்டு இடங்களில் ஒரே மாதிரித் துளை இருக்கும். மேலே, யூ.எஸ்.பி. துளைகளோடு சேர்ந்திருப்பது மதர்போர்ட்டுடையது. கீழே படுக்கையாகத் தனியே இருப்பது, திரைக்குப் படம் அனுப்பும் தனிப் பலகையான கிராபிக்ஸ் கார்டுடையது. கார்டு இருந்தால் அதில்தான் செருக வேண்டும். இன்டெல் செயலியின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அதற்குள் திரைக்கான பகுதியே இல்லை. மேல்துளையில் நாள்முழுதும் செருகி வைத்தாலும் படம் வராது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600 செயலியும் அப்படித்தான், பெயரின் கடைசியில் ஜி சேர்ந்த 5600ஜி அப்படியல்ல. கார்டு இல்லாமல் எஃப் ரகச் செயலியை ஒருவர் உங்களுக்கு விற்றிருந்தால், அது கோளாறு அல்ல, வியாபாரம். அதற்குக் கடைக்குப் போகத்தான் வேண்டும்.

இரண்டாவது, பொறுமை. டி.டி.ஆர்.5 என்ற புது ரக ராம் (கணினியின் தற்காலிக நினைவகம்) போட்ட புதுக் கணினி முதல் தடவை எழும்பும்போது நினைவகத்தை அளந்து பழகிக்கொள்ளும். அதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். அரை நிமிடம் பார்த்துவிட்டு அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி அணைப்பவர்கள் அதை முதலிலிருந்து தொடங்க வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். போட்டுவிட்டு ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

மூன்றாவது, ராம். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் என் அக்கா மகளுக்குச் சென்ற வருடம் வாங்கிய கணினியில் நடந்ததைச் சொல்கிறேன். வான் வந்து இறங்கியது இரவு. மறுநாள் காலை போட்டால் விசிறி சுற்றுகிறது, முன்பக்க வண்ண விளக்குகள் ஜொலிக்கின்றன, திரையில் ஒன்றுமில்லை. “மாமா, ஏமாற்றிவிட்டார்கள்” என்று அவள் அழத் தொடங்கிவிட்டாள். அத்தான் ஏற்கெனவே பெட்டியைக் கட்டும் நூலைத் தேடிக்கொண்டிருந்தார். கடைக்குச் சொல்லி அனுமதி வாங்கி மூடியைத் திறந்தேன். கைபேசி வெளிச்சத்தில் பார்த்தால், இரண்டு ராம் துண்டுகளில் ஒன்றின் மேல்முனை மற்றதைவிட ஒரு மில்லிமீற்றர் உயர்ந்திருந்தது. பக்கத்துக் கொளுக்கி பாதி திறந்த வாய் போல் நின்றது. கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, துண்டை வெளியே எடுத்து, நேராக வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன். “டக்” என்ற சத்தத்தோடு கொளுக்கி தானாக மூடியது. போட்டோம், எழும்பியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு “நான்தான் முதலில் தொடுவேன்” என்றாள்.

அந்த “டக்” சத்தம்தான் முக்கியம். அழுத்தினால் பலகை வளைகிறதே என்று பயந்து பாதியில் விட்டுவிடுகிறார்கள். கொளுக்கி தானாக மூடும் வரை அழுத்த வேண்டும். கை வைப்பதற்கு முன் கேசிங்கின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள், உடலில் உள்ள நிலைமின் இறங்கிவிடும். கம்பளிச் சட்டையைக் கழற்றிவிடுவது இன்னும் நல்லது. நமக்கு அது கழற்ற மனம் வராத உடை என்பது வேறு.

புதிய மதர்போர்ட்டுகள் பலவற்றில் ஓரமாக நான்கு சிறு விளக்குகள் இருக்கும்: செயலி, ராம், திரை, வட்டு. எழும்பாமல் நிற்கும்போது எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். செயலி விளக்கு நின்றால், மதர்போர்ட்டின் மேல்மூலையில் செருகும் 8 முள் மின்கம்பியைப் பாருங்கள். பெரிய 24 முள் கம்பியைச் செருகிவிட்டு இதை மறப்பது வீட்டில் பொருத்துபவர்களின் வழக்கமான பிழை. திரை விளக்கு நின்றால் கார்டைக் கழற்றி மறுபடி செருகுங்கள். மூன்று விசிறிக் கார்டு ஒரு கிலோவுக்கு மேல்கூட இருக்கும். இத்தனை வளைவில் அது துளையில் அசையாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கேசிங்கைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது கணினியின் குறையல்ல, வீட்டின் குறை. அந்த வீட்டில் கணினியைவிட விலைமதிப்பானவர்கள் இருக்கிறார்கள்.

கணினியின் பவர் சப்ளைக்குள், இரைச்சலை வடிகட்டுவதற்காக மின்கம்பிகளுக்கும் உலோக உடலுக்கும் இடையில் சிறு மின்தேக்கிகளை வைத்திருப்பார்கள். அவற்றின் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். எர்த் இல்லாத இடத்தில் அது போக வழியின்றி கேசிங்கிலேயே நிற்கும். அப்போது கேசிங்கில் 230இன் பாதி, அதாவது ஏறக்குறைய 115 வோல்ட் காட்டும். மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். ஓட்டம் சிறியது என்பதால் சுள்ளென்பதோடு நிற்கிறது. ஆனால் நாளைக்குப் பவர் சப்ளையிலோ, அதே வரிசையில் செருகிய கேத்தலிலோ காப்பு உடைந்து முழு மின்சாரமும் உடலுக்கு வந்தால், காப்பாற்ற எர்த் கம்பி இருக்காது. ஈரச் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள்.

எர்த் ஏன் இல்லை? பழைய லயன் காம்பராக்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரு பல்புக்கும் ஒரு பொயின்ட்டுக்கும் இழுத்த இரட்டை வயரை வைத்துக்கொண்டு, மேலே மேலே கிளை பிரித்திருப்பார்கள். அங்கே மூன்றாவது வயரே கிடையாது. பொயின்ட்டில் மூன்று துளை இருக்கும், மேல்துளையின் பின்னால் ஒன்றும் இருக்காது. எர்த் உள்ள வீட்டிலும் மனிதர்கள் அதைத் துண்டிக்கிறார்கள். 13 ஆம்பியர் சதுரத்துளைப் பொயின்ட்டில் இரட்டை முள் பிளக் நுழையாது. மேல்துளையில் பேனா மூடியைக் குத்தி, கீழ்த்துளைகளைத் திறந்து, செருகிவிடுவார்கள். ஒரு வீட்டில் நீல நிறப் பேனா மூடி பொயின்ட்டின் நிரந்தர உறுப்பினராகவே இருந்தது. உருண்டை முள் பிளக்குக்கு அடாப்டர் போட்டு, அடாப்டருக்கு மல்டி பிளக் போட்டு, அதற்கும் மேல் எக்ஸ்டென்ஷன் கோட் போடும்போது எங்கோ ஓரிடத்தில் எர்த் தொலைந்துவிடும்.

செய்ய வேண்டியது: கணினியோடு வந்த மூன்று முள் கம்பியை, இடையில் அடாப்டர் இல்லாமல், நேராகச் சுவர்ப் பொயின்ட்டில் செருகிப் பாருங்கள். சுள்ளென்பது நின்றுவிட்டால் குற்றவாளி அடாப்டர். நிற்கவில்லை என்றால் வயரிங் தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் கோல் இருக்கிறதா, கம்பி பொயின்ட் வரை வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய வயரிங்கில் எர்த் பச்சை, புதியதில் பச்சையும் மஞ்சளும். தண்ணீர்க் குழாயிலோ ஜன்னல் கம்பியிலோ எர்த்தைச் சுற்றிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். குழாயைத் தொடுபவர் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம்.

எர்த் சரியாகும்வரை ஒரு விதி: தொலைக்காட்சியையும் கணினியையும் கேபிளால் இணைப்பதானால் இரண்டையும் சுவரிலிருந்து கழற்றிய பிறகே இணைக்க வேண்டும். கூரையில் உள்ள டிஷ் கம்பியும் எர்த் இல்லாத கேசிங்கும் சந்திக்கும் கணத்தில் தெறிக்கும் ஒரு சிறு பொறி, திரைத் துளையைக் கொன்றுவிடும்.

கணினியைப் போட்டவுடன், மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்றால் அதைத் திட்டாதீர்கள், குச்சி வைத்து முட்டுக்கொடுக்கவும் வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் கணினிமேல் பழியைப் போட்டிருந்தார்கள், உண்மையில் கசிந்தது வெந்நீர் ஹீற்றர்.

வேலை செய்துகொண்டிருக்கும்போதே அணைந்துபோகிறது

எந்த நேரத்தில் என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மாலை ஆறரை முதல் ஒன்பது வரை மட்டும் என்றால் கணினியை விட்டுவிட்டு மின்சாரத்தைப் பாருங்கள். விநியோக விதிப்படி 230 வோல்ட்டுக்கு மேலும் கீழும் 6 சதவீதம்தான் அசையலாம், அதாவது 216 முதல் 244 வரை. டிரான்ஸ்போமரிலிருந்து தூரத்தில், கம்பி முடியும் இடத்தில் இருக்கும் வீடுகளில், எல்லோரும் அடுப்பும் கேத்தலும் போடும் நேரத்தில் அது அதைவிடக் கீழே இறங்கிவிடும். பல்பு மஞ்சளடிப்பதும் யூ.பி.எஸ். டக் டக் என்று தட்டிக்கொண்டே இருப்பதும் அதன் அடையாளம். பவர் சப்ளையின் ஸ்டிக்கரைப் படியுங்கள். 100 முதல் 240 வரை என்றிருந்தால் தாங்கும். 200 முதல் 240 வரை என்றிருந்தால் மாலையில் மயங்கி விழும். ஒரு வாரம் மாலை நேரத்து அளவைக் குறித்துவைத்து மின்சாரம் விநியோகிக்கும் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடலாம். வீட்டுக்கு வீடு தனித்தனியாக அல்ல, லயனே சேர்ந்து எழுதினால்தான் அதற்குக் கனம்.

யூ.பி.எஸ். விஷயத்தில் ஒரு கணக்கு: 650 வி.ஏ. என்று எழுதியிருப்பது வாட்டில் ஏறக்குறைய 360 முதல் 390 வரைதான். சாதாரணக் கணினியும் மொனிட்டரும் அதற்குள் அடங்கும். விளையாட்டுக்கான கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலும் அடங்காது. கரண்ட் போன அடுத்த நொடியே எல்லாம் சேர்ந்து அணையும். லேசர் பிரின்டரை யூ.பி.எஸ்ஸில் செருகவே கூடாது. உள்ளே இருக்கும் 12 வோல்ட் பட்டரி இரண்டு மூன்று வருடத்தில் களைத்துவிடும். அதை மட்டும் மாற்றினால் போதும், முழுப் பெட்டியையும் வாங்கச் சொன்னால் வேறு கடை பாருங்கள்.

நேரம் காலம் இல்லாமல், பத்து நிமிடம் ஓடியதும் அணைகிறது என்றால் வெப்பம். “இந்தக் குளிரில் வெப்பமா?” என்று சிரிக்கவேண்டாம். செயலியின் மேல் உட்கார்ந்திருக்கும் குளிர்விப்பான் ஒரு மூலையில் கழன்றால், நுவரெலியாவில் உறைபனி விழும் ஜனவரி இரவிலும் செயலி வெந்துபோகும். எழும்பும்போது டிலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி பயோஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போனால் வெப்பநிலை தெரியும். சும்மா இருக்கையில் 35 முதல் 50 பாகை என்றால் கவலையில்லை. கண்முன்னே 70, 80, 90 என்று ஏறினால் உடனே அணைத்துவிட்டுக் குளிர்விப்பானின் நான்கு கால்களையும் பாருங்கள்.

மின்வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டது நினைவிருக்கும். குரங்கோ மரமோ, போன கரண்ட் திரும்பும் கணம்தான் ஆபத்தானது. போனவுடன் சுவர்ச் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்து ஐந்து நிமிடம் பல்பு நிலையாக எரிந்த பிறகு போடுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி வரும்போது பிளக்கைக் கழற்றினால் மட்டும் போதாது. ரவுட்டரிலிருந்து வரும் கம்பியையும் கழற்ற வேண்டும், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

இணையத்தளம் எதைத் திறந்தாலும் “பாதுகாப்பற்றது” என்கிறது

மூலையில் உள்ள கடிகாரத்தைப் பாருங்கள். வருடம் பின்னால் போயிருக்கும். தளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. கணினி தவறான வருடத்தில் வாழ்ந்தால் எல்லாமே போலியாகத்தான் தெரியும். திகதியைச் சரிசெய்யுங்கள். நேரவலயப் பட்டியலில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்பதைத் தெரிவுசெய்யுங்கள். மறுநாளும் பின்னால் போனால் மதர்போர்ட்டில் உள்ள சி.ஆர்.2032 என்ற வில்லை பட்டரி தீர்ந்திருக்கிறது. 20 மில்லிமீற்றர் அகலம், 3.2 தடிப்பு, 3 வோல்ட். கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். புதுக் கணினியில் இது நடந்தால் மதர்போர்ட் கடையில் நெடுநாள் கிடந்திருக்கிறது என்று ஊகிக்கலாம்.

இணையமே இல்லை

மேசைக் கணினி பலவற்றில் வைஃபை இல்லை. மடிக்கணினியில் இருக்கிறது என்பதால் இதிலும் இருக்கும் என்று நினைத்து, இல்லாத பொத்தானைத் தேடுகிறார்கள். விண்டோஸ் 11, முதன்முதலில் நிறுவும்போதே இணையம் கேட்டு நின்றுவிடும். அன்ட்ரொயிட் கைபேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து, கைபேசி அமைப்பில், அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் யூ.எஸ்.பி. டெதரிங்கைப் போட்டால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். பிறகு ஆறுதலாக வைஃபை அடாப்டர் வாங்கலாம்.

4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்கள் அதைக் கணினி மேசையில் வைக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. கோபுரம் எந்த மலைக்கு அப்பால் இருக்கிறது என்பதே முக்கியம். கைபேசியோடு வீட்டைச் சுற்றி நடந்து சிக்னல் எங்கே கூடுகிறது என்று பாருங்கள். பல வீடுகளில் அது இஸ்தோப்பு (முன்வராந்தா) பக்கத்து ஜன்னலாக இருக்கும், தகரக் கூரைக்கு அடியில் உள்ள நடு அறையாக ஒருபோதும் இராது. ரவுட்டர் ஜன்னலில், கணினி உள்ளே என்றால், 5 கிகாஹேர்ட்ஸ் என்று காட்டும் வைஃபை பெயரை விட்டு 2.4இல் இணையுங்கள். வேகம் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டும்.

பில்லில் ஒன்று, திரையில் ஒன்று

1 டெராபைட் என்று வாங்கிய வட்டு 931 ஜி.பி. என்று காட்டும். 512 ஜி.பி. வாங்கியது 476. இது ஏமாற்று அல்ல. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. 8 ஜி.பி. ராமில் கொஞ்சம் குறைவதும் திரைக்காக ஒதுக்கியது.

மெய்யாகவே பார்க்க வேண்டியது வேறு. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் செயலியின் பெயரையும் ராமின் அளவையும் பில்லோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். அலுவலகங்களிலிருந்து கழித்துவிட்ட கணினிகளை மெருகேற்றி விற்பது இப்போது பெரிய வியாபாரம். அவற்றில் நல்லவையும் உண்டு, நானே இரண்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற, குறைந்தது இன்டெல் 8ஆம் தலைமுறைச் செயலியும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். 6ஆம் தலைமுறைக் கணினியில் எப்படியோ 11ஐ ஏற்றிக் கொடுத்திருந்தால், புதுப்பிப்பு நேரத்தில் வரும் தொல்லைகள் உங்கள் தலையில். அதை இந்தக் கட்டுரையால் தீர்க்க முடியாது.

பள்ளிக்கூடம் அனுப்பிய தமிழ்க் கோப்பு ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறது

புதுக் கணினியில் வைரஸ் என்று பதறி என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. வைரஸ் அல்ல, பாமினி. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக்குறி முறையான யூனிகோட் வருவதற்கு முந்திய எழுத்துரு அது. இலங்கையில் ஆசிரியர்கள், அச்சகங்கள், அலுவலகங்கள் பலவற்றில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போடும் வித்தை. “அம்மா” என்று தட்டெழுதியவர் உண்மையில் சேமித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளை. முகமூடி உங்கள் கணினியில் இல்லாததால் அந்த ஐந்தும் அப்படியே தெரிகின்றன.

கோப்பைப் படிக்க மட்டும் வேண்டுமானால் பாமினி எழுத்துருக் கோப்பை வாங்கி, இரட்டைச் சொடுக்கில் நிறுவினால் போதும். அதிலிருந்து வெட்டி வட்ஸ்அப்பில் ஒட்ட வேண்டுமானால் யூனிகோடாக மாற்ற வேண்டும். அதற்கு இலவச மாற்றிகள் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பாருங்கள், கொம்பும் ஸ்ரீயும் சிலவேளை இடம் மாறியிருக்கும். நீங்கள் புதிதாக எழுதுவதற்கு, விண்டோஸ் அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99 விசைப்பலகை அதிலேயே இருக்கிறது. பிள்ளைகளுக்கு முதலிலேயே அதைப் பழக்குங்கள். பாமினியில் விரல் படிந்தவர்களை மாற்ற நான் முயன்றதில்லை; என் அத்தானே அந்தக் கட்சி.

உள்ளிருந்து கிறீச் சத்தம், பிறகு வாடை

விறகடுப்புப் புகை படியும் வீட்டில் விசிறித் தூசி தூசியாக இராது, பிசினாக இருக்கும். ஊதினால் போகாது. மென்தூரிகையால் வருடத்தில் இரு தடவை துடைக்க வேண்டும். துடைக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். குளிர் நாட்டில் பவர் சப்ளையைப் போல இதமான இடம் பல்லிக்கும் கரப்பானுக்கும் வேறு கிடையாது. பின்பக்கத்தில் மூடப்படாத நீளத் துளைகள் இருந்தால் உலோகத் தகட்டால் மூடுங்கள். கிடைக்காவிட்டால் கொசுவலைத் துண்டை ஒட்டலாம். ஆனால் விசிறியின் வாயை ஒருபோதும் மூடக்கூடாது. பவர் சப்ளைக்குள் பல்லி இறந்திருந்தால் பெட்டியைத் திறக்காதீர்கள். கம்பியைக் கழற்றிய பின்னும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். அது கடைக்காரர் வேலை.

எல்லாம் பார்த்தும் சரிவரவில்லை

அப்படியானால் போகத்தான் வேண்டும். மொனிட்டர், கீபோர்ட் எதையும் தூக்க வேண்டாம். கேசிங், அதன் மின்கம்பி, பில் மூன்றும் போதும். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றுங்கள். கேசிங்கை நிமிர்த்தி வைக்காமல், மதர்போர்ட் அடியில் வரும்படி படுக்கவைத்தால் குளிர்விப்பானின் பாரம் நேராக இறங்கும். பஸ்ஸில் பின்சீட்டுக்கு மேல் வேண்டாம், மடியில் அல்லது காலடியில்.

கிளம்புவதற்கு முன் கணினி அடம்பிடிப்பதைக் கைபேசியில் ஒரு நிமிடம் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளக் செருகியிருப்பது, பின்சுவிட்ச் கோட்டுப் பக்கம் இருப்பது, மதர்போர்ட்டில் எந்த விளக்கு நிற்கிறது என்பது மூன்றும் அதில் தெரிய வேண்டும். கடையில் போட்டவுடன் அது எழும்பிவிட்டால், காட்டுவதற்கு உங்கள் கையில் இருப்பது அந்த ஒரு நிமிடம்தான்.